மூன்றாவது குரல்

எண்பதுகளில் எங்கள் ஜவ்வாது மலையில் பாதி வீட்டுக்குச் சோறு போட்டது கடற்படை என்றால் சிரிப்பார்கள். எங்களில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. போளூரில் ரயிலேறிப் போகும் தூரத்தில், சமவெளியில், கடற்படை விமானங்கள் இறங்க ஒரு தளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மழை பொய்த்துச் சாமையெல்லாம் பதராகிப்போன வருடம் அது. மண் சுமக்க ஆள் தேடி மேஸ்திரி மலையேறி வந்ததும், விட்டால் போதும் என்று லாரியில் ஏறினோம். எங்கள் கூலியை நம்பித் தளத்து வாசலுக்கு எதிரே டீக்கடை, அரிசிக்கடை, துணிக்கடை என்று வரிசையாக முளைத்தன. எங்கள் புளியை அடிமாட்டு விலைக்குக் கேட்ட போளூர் வியாபாரிகள்கூட, கையில் காசு புழங்கியதும் 'வாங்க, உக்காருங்க' என்றார்கள்.

அந்தச் சோற்றை நான் பயந்துகொண்டேதான் தின்றேன். முதல் நாளே மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"விடியறதுக்கு முன்னாடி வேலியண்ட போவாதீங்க. காவல் சிப்பாய் ரெண்டு தபா கூப்டுவான். நிக்கலைன்னா மூணாவது குரலோட குண்டும் வந்துரும்."

கீழ்நாட்டுக் கூலிகள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. இருட்டிலோ பனியிலோ முகம் தெரியாத குரல் கூப்பிட்டால் மலைக்காரர்கள் நிற்க மாட்டோம். பேய் இரண்டு முறைதான் கூப்பிடும். மூன்றாவது குரலுக்குத்தான் மனிதன் என்று நம்பித் திரும்புவோம்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் என் மனைவியும் வேலைக்கு வந்து சேர்ந்தாள். மேஸ்திரி சொன்னதை விடிந்ததும் அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். மறுநாள் விடியுமுன் நான் கண் விழித்தபோது குடிசையில் அவளும் இல்லை, குடமும் இல்லை. வெளியே ஆள் முகம் தெரியாத பனி; தேடி ஓடினேன். குழாய்க்குப் போகிற வழி தெரியாமல் அவள் வேலியோரமாக நடந்துகொண்டிருந்தாள். நிழலாகத்தான் தெரிந்தாள்.

"தம்!"

நில் என்பதற்கு இந்தியில் அப்படித்தான் கத்துவார்கள். அவளுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. நடையை எட்டிப் போட்டாள்.

மறுபடியும் "தம்!" கூடவே துப்பாக்கி சடக்கென்றது. நானே ஆனாலும் ஒரு தடவை மட்டும் கூப்பிட்டால் அவள் நிற்க மாட்டாள். பனிக்குள் நானும் வெறும் குரல்தானே. மூச்சு விடாமல் கத்தினேன்.

"ஏ புள்ள! ஏ புள்ள! ஏ புள்ள!"

நின்றாள். திரும்பினாள்.

சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு ஏதோ திட்டினான். அவளைக் குடிசைக்கு இழுத்து வந்து, மலைக்கே போய்விடலாம் என்றேன்.

"போய் இன்னாத்த துன்றது?" என்றாள். எனக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

அவள் என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். "இன்னாத்துக்கு இப்டி நடுங்குற? நீ கத்தலைன்னாலும், அவன் இன்னொரு தபா கூப்ட்டதும் திரும்பலாம்னுதான் இருந்தேன்."