வாய்க்கால் கரையில் நாடி பார்த்தவர்

எங்கள் ஊருக்கு வந்து தங்கியவர்களில், வந்த காரணத்தை முதல் நாளே உள்ளபடி சொன்னவர் குன்னூர் அங்கிள் ஒருவர்தான். அதனாலேயே அவரை யாரும் நம்பவில்லை. நடப்பதற்காக வந்திருக்கிறேன் என்றார். குன்னூரிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் பஸ் ஏறி வந்து நடப்பவர் எவரும் உண்டா என்று கேட்டுக் கடைத்தெருவில் சிரித்தார்கள்.

அவர் என் மாமாவுக்குச் சிநேகிதர். குன்னூரில் மாமா வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையில் தேநீர் ருசி பார்த்துத் தரம் சொல்வது அவர் உத்தியோகம். அந்தக் கோடையில் நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தினம் நடக்க வேண்டும், ஆனால் ஏற்றம் இறக்கம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குன்னூரில் அடுக்களையிலிருந்து வாசலுக்கு வருவதே ஏற்றம்தான். "எங்க அக்கா ஊருக்குப் போங்க. அங்க தண்ணிக்கே எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியாது" என்று மாமா சொல்லியிருக்கிறார். பத்து நாள் எங்கள் மாடி அறையில் தங்குவதாக ஏற்பாடு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. உப்பில்லாமல் சமைக்க வேண்டுமே என்பதைவிட, ருசி பார்ப்பவருக்கு டீ போட வேண்டுமே என்பதுதான் அம்மாவின் பெரிய கவலை. முதல் நாள் காலையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தபடி நின்றோம். அவர் சர்ரென்று ஓர் உறிஞ்சு உறிஞ்சி, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் யோசித்தார். "பால் ரொம்ப நல்லாருக்குங்க" என்றார். அம்மா அதன்பிறகு அவரிடம் பயப்படவே இல்லை.

காலை ஆறு மணிக்கு அவர் கிளம்பிவிடுவார். காக்கி அரைக்கால் சட்டை, வட்டத் தொப்பி, நாய்களுக்காக ஒரு தடி, கையில் கடிகாரம், பையில் சின்ன நோட்டு. வாய்க்கால் கரையோடு நடந்து, ஒவ்வொரு மதகிலும் மூச்சு வாங்க நிற்பார். ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் நாடித்துடிப்பை எண்ணி, அந்த எண்ணை நோட்டில் எழுதுவார். போகும்போது தடியின் சேற்றை வாய்க்காலில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் முக்கிக் கழுவிக்கொள்வார். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான் புரிந்துகொள்ள முடியும்.

ஏனென்றால் நாங்கள் கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் எங்களிடம் வரும். அந்த வருஷம் வந்தது. நம்பி குறுவை நெல் நட்டோம். நட்டு இரண்டு வாரம் ஆவதற்குள் நின்றுவிட்டது. எங்களுக்கு மேலே இருக்கும் மேலூரில், வாய்க்காலின் தலைப்பு மதகில் பலகை போட்டு, மணல் மூட்டையும் அடுக்கிவிட்டார்கள். போர்வெல் போட்டால் எங்கள் மண்ணில் உப்புத் தண்ணீர்தான் வரும். வயல் வெடிக்கத் தொடங்கியது. அந்த நடவை நம்பித்தான் எங்கள் வருஷம் முழுவதும் இருந்தது. அப்பா காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, யாரிடமும் பேசாமல் சாப்பிடுவார்.

போய்க் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். இரண்டு ஊருக்கும் மாதா கோவில் ஒன்று, பூசை ஒன்று. ஆனால் என்றைக்கோ நடந்த ஒரு வாய்க்கால் சண்டையிலிருந்து பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொல்லும்போது, எங்கள் ஊர் ஆண்கள் இடது பக்கம் திரும்பிக் கும்பிடுவார்கள், அவர்கள் வலது பக்கம் திரும்பிக் கும்பிடுவார்கள். நடுவழியில் நிற்கும் சாமியாருக்குத்தான் சமாதானம் கிடைக்காது.

இப்படிப்பட்ட இடத்தில் தொப்பி போட்ட ஒருவர் மதகு மதகாக நின்று, தண்ணீரில் தடியை விட்டுப் பார்த்து, நேரம் பார்த்து எழுதினால் என்ன அர்த்தம்? மேலிடத்து ஆபீசர், ஊர்ப் பெரிய மனிதர்களோடு வராமல் ரகசியமாகத் தண்ணீர் அளக்க வந்திருக்கிறார். மூன்றாம் நாள் மேலூர்க்காரர் ஒருவர் மொபெட்டில் வந்து, தூரத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். நான்காம் நாள் விடியற்காலையில் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

ஐந்தாம் நாள் அதே மனிதர், பருத்த உடம்பு, தோளில் துண்டு, இரண்டு இளநீரோடு மதகில் காத்திருந்தார். நானும் அன்று அங்கிளோடு போயிருந்தேன்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. யாரோ பசங்க பலகையப் போட்டுட்டாங்க. எடுத்துட்டோம். ரிப்போர்ட்ல மட்டும் ஏத்திடாதீங்க."

"நான் எழுதறது என் நாடிங்க" என்றார் அங்கிள். "நிமிஷத்துக்கு எத்தனை துடிக்குதுன்னு குறிச்சு வெச்சுக்கறேன்."

அந்த மனிதர் சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார். "பெரிய ஆபீசருங்க இப்படித்தான் சொல்லுவாங்க. சரிங்க சார்."

திரும்பி வரும்போது, அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று அங்கிள் என்னைக் கேட்டார். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பலகை, மணல் மூட்டை, வெடித்த வயல், அப்பா பேசாமல் சாப்பிடுவது எல்லாம். அங்கிள் வீடு வரும்வரை எங்கள் வயல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

பத்தாம் நாள் பையை எடுத்து வைத்தவர், சாப்பிடும்போது, இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டுமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தாராளமா இருங்க என்றாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் அவரை ஆபீசர் என்று சொல்வதும், அவர் போனால் பலகை மறுபடி விழும் என்பதும் அப்பாவுக்குத் தெரியும். இல்லை என்று யாரிடமும் அப்பா சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அங்கிள் எங்கள் எல்லையோடு நிற்காமல், மேலூர் தலைப்பு மதகு வரைக்கும் நடந்தார். பழைய தூரத்தைப்போல மூன்று பங்கு. போய் நின்று, அங்கே இருப்பவர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, நாடி பார்த்து எழுதிவிட்டுத் திரும்புவார். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நடந்தார், அவ்வளவுதான். எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ பேர் தண்ணீருக்காக மறியல் செய்து பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி ஒரு போராட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இப்போது நினைத்தாலும் அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றுகிறது.

நோட்டை நான் வாங்கிக்கொண்டேன். அவர் எண்ணிச் சொல்வார், நான் எழுதுவேன். எண்பத்திரண்டு, எண்பத்தொன்பது, தொண்ணூற்றாறு என்று ஏறிக்கொண்டே போனது. நான் கணக்கில் நாற்பதைத் தாண்டாதவள். நூற்றைத் தாண்டிய அன்று சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, சபாஷ் என்றும் எழுதினேன். அவர் மதகுக் கட்டையில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு சிரித்தார். "மார்க்கை வீட்டுல காட்டணுமா?" என்று கேட்டார். மார்க்கை வீட்டில் காட்டும் வழக்கம் எனக்கும் கிடையாது. ஆனால் நல்ல மார்க்கை எதற்கு மறைக்க வேண்டும்?

நூற்றுப் பதினெட்டு வந்த அன்று என்னால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்து, பயிர் பச்சை கட்டிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கிள் மாடியில் படுத்திருந்தார். நான் நோட்டைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினேன்.

"எத்தனை?" என்றாள் அம்மா. அடுப்பை அணைத்துவிட்டு வந்து நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்துப் பார்த்தாள். "நூத்துக்கு மேல போகக் கூடாதுன்னு தம்பி போன்ல சொல்லிச் சொல்லி அனுப்புனான். உங்களுக்கும் சொன்னேன்ல."

அப்பா மாடிக்கு ஓடினார்.

அங்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தெரு நர்ஸ் அக்கா வந்து பார்த்தார், மாமா போனில் கத்தினார், மறுநாள் காலையில் அம்மா அவருடைய ஷூவை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அங்கிள் வெறுங்காலோடு கீழே வந்து, "ஒரே ஒரு வாரம்தாங்க, கதிர் வந்துடும்" என்று அப்பாவிடம் கெஞ்சினார். தேயிலை மலையிலிருந்து வந்தவருக்குக் கதிர் வரும் நாள் தெரிந்திருந்தது. அப்பா மொபெட்டை எடுத்தார். சனிக்கிழமையானதால் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மேலூரில் அந்தப் பருத்த மனிதர் மதகு ஓரத்தில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அப்பா வண்டியை நிறுத்தி, இறங்கி, முகத்தைப் பார்க்காமல் கடகடவென்று சொன்னார். "அவரு ஆபீசர் இல்லீங்க. நெஞ்சுல ஆபரேஷன் ஆன மனுஷன், எங்க வீட்டு விருந்தாளி. இனிமே வரமாட்டாரு. அடைக்கறதுன்னா அடைச்சுக்கங்க."

எனக்கு அப்பாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு நாள் காப்பாற்றிய ரகசியத்தை ஒரு மூச்சில் போட்டு உடைத்துவிட்டாரே.

அந்த மனிதர் மாட்டின் முதுகைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார். "இங்க வந்த மொத நாளே சட்டையத் தளத்திக்கிட்டு மூச்சு வாங்கினாரு. நெஞ்சுல தையலப் பாத்தோம். அதுவும் இல்லாம, எந்த ஆபீசருங்க நடந்து வராரு?"

"அப்புறம் ஏன் தொறந்தே வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் அப்பா.

"தெனம் வந்து நின்னு சிரிக்கிறாரே. எந்தக் கையால பலகையப் போடறது?" அவர் செம்பை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நீங்க ஒரு நாள் வருவீங்கன்னு பாத்தோம். வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே எடுத்திருப்போம். நீங்க வரல. அவர நடக்க விட்டீங்க."

அடைக்க மாட்டோம், போங்க என்றார் கடைசியில். சொன்னபடியே அடைக்கவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க வாய்க்கால் எங்களோடு கரை தொட்டு வந்தது.

அன்று மதியம் விரால் மீன் குழம்பு. அப்பா சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள், பிறகு கூப்பிடவில்லை. அங்கிள்கூட நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார், தண்ணீரும் நிற்கவில்லை, பயிரும் பிழைத்துவிட்டது. இத்தனை நல்லது நடந்த நாளில் இந்த மனிதருக்கு எதனால் சோறு இறங்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவர் தட்டிலிருந்த மீன் துண்டையும் நானே எடுத்துச் சாப்பிட்டேன்.