மச்சானுக்குக் கொடுத்த டியூப்

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், சைக்கிளில் மாற்று டியூப் வைத்துக்கொள்ள மாட்டான். தனக்குப் பஞ்சர் ஆகாது என்பான். அப்படியே ஆனாலும் பின்னால் வருகிறவன் கொடுப்பான் என்பான். போன வருடம் பின்னால் வந்தவன் நான்.

செஞ்சியில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் உறவுக்கான மரியாதையெல்லாம் எங்களுக்குள் கிடையாது. நாற்பது வயதில் சர்க்கரைக்குப் பயந்து இருவரும் ஓட ஆரம்பித்தோம். அது வளர்ந்து நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் வந்து நின்றது. நீச்சலுக்குச் சிங்கவரத்தில் எங்கள் கிணறு. சைக்கிளுக்குத் திண்டிவனம் ரோடு.

போன வருடப் பெரிய போட்டியில் அவனுக்குப் பஞ்சர். என்னிடம் இருந்த ஒரே டியூபைக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு ஒரு கையை ஆட்டிவிட்டுப் போனான். அடுத்த ஒரு மணி நேரத்தில் எனக்குப் பஞ்சர். வேலிகாத்தான் மர நிழலில் உட்கார்ந்தேன். பின்னால் வந்த ஒருவனிடமும் உபரி டியூப் இல்லை. வழியில் நின்றவர்களையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வேன் என்னிடம் வந்தபோது பொழுது இறங்கிவிட்டது. நாங்கள் ஜைனர்கள். பொழுது இறங்கினால் எங்கள் வீட்டில் யாரும் வாயில் எதையும் வைப்பதில்லை. அன்று பட்டினியாகப் படுத்தேன்.

அதைக்கூட மறந்திருப்பேன். ஊருக்கு வந்து அவன் சொன்னதை மறக்க முடியவில்லை. நான் தெம்பில்லாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டேனாம். டியூப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் நடத்தும் மல்லாட்டை மண்டிக்கு வேர்க்கடலை மூட்டை கொண்டுவருகிற தொண்டூர்க்காரர்கள்கூட, "இன்னாப்பா, உக்காந்துட்டியாமே?" என்று கேட்டார்கள். பஞ்சர் என்று சொன்னால் சிரித்தார்கள். தோற்றவன் சொல்லும் பஞ்சரை யார் நம்புவார்கள்?

இந்த வருடமும் இருவரும் அதே பெரிய போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். அதற்கு ஐந்து வாரம் முன்னால் புதுச்சேரிப் பக்கம் ஒரு சின்னப் போட்டி. அதில் முழு வேகம் காட்டக் கூடாது, பயிற்சியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நானே அட்டவணை எழுதி மண்டிச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஆனால் மனதுக்குள் வேறு அட்டவணை. அவன் என் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். இந்த முறை என் பையில் இரண்டு டியூப்.

கடலில் அவன் முந்தினான். பத்து கைக்கு ஒரு முறை திரும்பியே பழகிய கிணற்று நீச்சல்காரனுக்கு நேர்கோட்டில் போக வராது. கரையேறியபோது நன்றாக விடிந்திருந்தது. சைக்கிளில் ஏறி, வெல்லம் போட்ட மல்லாட்டை உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு மிதித்தேன். பாதித் தூரத்தில் ஒரு சவுக்குத் தோப்பு ஓரம் மச்சான் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் காற்றில்லாத சக்கரம்.

"மாப்ளே, டியூப் இருக்குதா?"

முகத்தில் கூச்சம் துளி இல்லை. கையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். கை எழும்பக்கூடச் செய்தது. ஆனால் அப்படி ஜெயித்தால், பஞ்சர் மட்டும் ஆகாமல் இருந்திருந்தால் என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பான். நான் ஒரு வருடமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுக்கு அந்தச் சாக்கு கிடைக்கக் கூடாது. இறங்கினேன். டியூபை நானே மாட்டி, காற்றடித்து, அவனை முன்னால் அனுப்பினேன்.

ஓட்டத்தின் ஏழாவது கிலோமீட்டரில் அவன் முதுகு தெரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"முடியலன்னா உக்காந்துக்கோ மச்சான்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஒரு வருடம் விடிகாலையில் எழுந்தேன். அதன்பின் வெறி பிடித்து ஓடினேன். முடிவுக்கோடு கண்ணில் பட்டபோது கெண்டைக்காலில் ஏதோ படக்கென்றது. நொண்டிக்கொண்டே கோட்டைத் தாண்டித் திரும்பினேன். அவன் எனக்குப் பின்னால்தான் வந்தான். வலியோடு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

சதை கிழிந்திருக்கிறது, எட்டு வாரம் ஓடக் கூடாது என்றார் டாக்டர். பெரிய போட்டி அதோடு போனது.

அடுத்த வாரம் மாமனார் வீட்டில் எல்லோரும் பொழுதோடு சாப்பிட உட்கார்ந்தோம். மச்சான் கதையை ஆரம்பித்தான்.

"போட்டியில எவன் நிப்பான்? என் மாப்ள நின்னான். அவன் கையாலயே மாட்டி வுட்டான். அந்த மனசு யாருக்கு வரும்?"

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மனைவி, கல்யாணமான பதினான்கு வருடத்தில் பார்க்காத பார்வை ஒன்று பார்த்தாள். உட்காரச் சொன்னதை அவன் சொல்லவே இல்லை. நானும் எப்படிச் சொல்வது? கெட்ட எண்ணத்தோடுதான் இறங்கினேன் என்று சோற்றில் கை வைத்துக்கொண்டு சொல்ல முடியுமா? ஒரு வருடக் கோபத்தை அவன் ஒரே பேச்சில் புண்ணியமாக மாற்றிவிட்டான்.

மோர் ஊற்றும்போது மெதுவாகக் கேட்டான், பெரிய போட்டிக்கு என் சைக்கிள் வேண்டுமாம். அதற்காகவே நான் வாங்கிய புது சைக்கிள்.

"நீதான் போவப் போறதில்லையே, குடுப்பா" என்றார் மாமனார்.

கொடுத்தேன். துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, காற்றும் அடித்து வைத்திருந்தேன். நேற்று வந்து எடுத்துப் போனான். சீட்டுக்குக் கீழே இருக்கும் பையை அவன் திறந்து பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டான்.

டியூபும் பம்பும் என் மண்டி மேசைக்குள் இருக்கின்றன. பை காலியாகத் தொங்கினால் நன்றாக இருக்காதே என்று இரண்டு மல்லாட்டை உருண்டை வைத்து அனுப்பினேன். வழியில் உட்கார்ந்திருக்கும்போது பசிக்கும்.