பதினேழாம் எண் சீட்டு

காலை ஐந்தரை மணிக்குத் தோணி ஏறினோம். எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், விளக்குக் கோபுரத்தை ஒட்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. அங்கிருந்து உலகத்தில் எந்த ஊருக்குப் போவதானாலும் முதலில் இருபத்தைந்து காசு கொடுத்து ஏரியைத் தாண்ட வேண்டும். அன்று நான் போகவேண்டியிருந்தது மெட்ராஸ். எண்பத்தாறாம் வருஷம், மாசி மாதத்துச் சனிக்கிழமை.

பொன்னேரிக் கல்லூரியில் விலங்கியல் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். மேலே எம்.எஸ்ஸி. சேர நினைக்கிறவர்கள் வந்து பார்க்கலாம் என்று மெட்ராஸில் ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறந்து வைத்தது. ‘ஓப்பன் டே’ என்று எங்கள் கல்லூரிப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அடியில் இன்னொரு வரி: விடுதி வேண்டும் பெண்கள் பெற்றோருடன் வந்து, அன்றே துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். குப்பத்திலிருந்து தினமும் மெட்ராஸுக்குப் போய்வர முடியாது. விடுதி இல்லையென்றால் எனக்குப் படிப்பு இல்லை.

என்னோடு வந்தவர் நைனா, அதாவது என் அப்பா. அம்மாவை அழைத்துப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அம்மா பஸ் ஏறினால் பொன்னேரி வருவதற்குள் மூன்று தடவை வாந்தி எடுப்பாள். நைனாவுக்கோ அன்று வேலை இருந்தது. முகத்துவாரத்துப் பக்கம் இறால் நன்றாக விழும் இடங்களைப் பாடு என்போம். எல்லாரும் ஒரே இடத்தில் வலை வைத்தால் மண்டைதான் உடையும் என்பதால், இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த நாளை விட்டால் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். காய்ச்சலில் கிடந்தாலும் சரி, கல்யாண வீட்டில் இருந்தாலும் சரி. நாளைக்குக் கொடுங்கள் என்று யாரையும் கேட்கக் கூடாது. கேட்டவன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அவன் விட்ட இடத்தில் இன்னொருவன் வலை வைக்கவும் கூடாது. அந்தச் சனிக்கிழமை நைனாவின் பாடு.

ஆறு பத்துக்குப் பழவேற்காட்டில் பஸ். பொன்னேரிக்குப் பதினெட்டு கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய். முன் சீட்டில் எங்களுக்குத் தெரிந்த துணிக்கடை பாய் உட்கார்ந்திருந்தார். சரக்கு எடுக்கப் போகிறாராம்.

“இன்னா அஞ்சப்பா, இன்னிக்கு உன் பாடுனு சொன்னாங்களே?” என்று நைனாவைக் கேட்டார்.

“பொண்ணு படிப்புக்குக் கையெழுத்து வாங்கணும் பாய்.”

“நல்லது. கூச்சப்படாம கேளு. வாயுள்ள புள்ள பொழைக்கும்.”

“முறைனு ஒண்ணு கீது. அதுல நின்னா ஆச்சு. வாய் எதுக்கு?” என்றார் நைனா.

பாய் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏழு இருபத்தைந்துக்குப் பொன்னேரியில் ரயில். அனுப்பம்பட்டில் கீரைக்கட்டுகளும் பால் கேன்களும் ஏறின. மீஞ்சூரில் நிற்கக்கூட இடம் இல்லை. நைனா வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டே வந்தார், தண்ணீரில் இறங்கப் போகிறவரைப் போல. சென்ட்ரலில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, பல்கலைக்கழக வாசலை மிதிக்கும்போது மணி ஒன்பதே முக்கால்.

வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் என் பெயரை எழுதிக்கொண்டு ஒரு சீட்டைக் கொடுத்தார். பதினேழு. பதினோரு மணிக்குமேல் எண் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதுவரை அறைகளைச் சுற்றிப் பாருங்கள் என்றார். நைனா சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நீங்கள் அந்தக் கட்டடத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கூரை எங்கள் கோயிலைவிட உயரம். தாழ்வாரமெங்கும் மருந்து நெடி. ஓர் அறையில் திமிங்கலத்தின் விலா எலும்பு, இன்னொன்றில் வரிசையாக மைக்ராஸ்கோப்புகள். ஒவ்வொன்றின் முன்னும் பட்டணத்துப் பெண்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டு நின்றார்கள். நான் என் தாவணித் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டேன். மூன்றாவது அறையில் கண்ணாடி ஜாடிகள். ஒரு ஜாடியில் இறால். ஒட்டியிருந்த தாளில் ‘பழவேற்காடு ஏரி’ என்று எழுதியிருந்தது.

“நம்ம எறா. வெளுத்துப் போயிக்கீது பாவம்,” என்றார் நைனா.

அங்கே நின்ற ஆராய்ச்சி மாணவர் காதில் அது விழுந்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்டார். பக்கத்தில் ஒரு தொட்டியில் உயிருள்ள இறால் குஞ்சுகள் இருந்தன. நைனா விரலைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார்.

“இது ஏரித் தண்ணி இல்ல தம்பி. கடத்தண்ணில கொழாத் தண்ணி கலந்துக்கிறீங்க.”

மாணவர் சிரித்தார். ஏரியிலிருந்து கொண்டுவந்தது தீர்ந்துவிட்டது, உண்மைதான் என்றார். ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, குஞ்சு எந்த மாதம் முகத்துவாரம் ஏறும், வாடைக் காற்றில் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று கேட்க ஆரம்பித்தார். நைனா சொல்லச் சொல்ல எழுதினார். நைனா பேசி ஒருவர் எழுதிக்கொள்வதை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. மணியை மறந்தேன்.

நாங்கள் தாழ்வாரத்துக்கு வந்தபோது, கோடியில் இருந்த கதவருகே காக்கிச்சட்டை பியூன், “இருபத்து மூணு,” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நைனா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். “போச்சு. வா,” என்றார்.

நானும் பின்னாலேயே போனேன். மூன்று வருஷம் கல்லூரிக்குப் போனவள், தவளையின் நரம்பு மண்டலத்தைப் பார்க்காமல் படம் போடத் தெரிந்தவள். ஆனாலும் முறை போனால் போனதுதான் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றையும் வறுத்த கருவாட்டையும் பிரித்தோம். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். எதிரே பெண்கள் கையெழுத்தான காகிதத்தை ஆட்டிக்கொண்டு போனார்கள். மணி ஒன்றாயிற்று, ஒன்றரை ஆயிற்று, இரண்டு ஆயிற்று.

“உனக்கு அடுத்த சுத்து எப்போ?” என்று கேட்டார் நைனா.

“அடுத்த வருஷம்.”

அதற்குள் எனக்குக் கல்யாணம் முடித்துவிடுவார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

“எனக்குப் பதினஞ்சு நாள்ல திரும்ப வந்துரும்,” என்றார். அதை எனக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நடந்தார். வீட்டுக்குத்தான் கிளம்புகிறார் என்று நினைத்துப் பையை எடுத்தேன். அவர் தாழ்வாரத்துக்குள் போனார்.

பியூன் எதிரில் நின்று துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். “சார், பதினேழு எங்களுது. கூப்புடும்போது இல்லாமப் போயிட்டோம். தப்பு எங்க மேலதான். பொண்ண ஒரு வாட்டி பாக்கச் சொல்லணும்.” ஊர்க் கூட்டத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பியூன் சீட்டை வாங்கிக்கொண்டார். “அதுக்கு இன்னாத்துக்குப் பெரியவரே இவ்ளோ நேரம் மரத்தாண்ட ஒக்காந்துனு இருந்தீங்க? வுட்டுப் போனவங்க அஞ்சாறு பேரு வந்து பாத்துனு பூட்டாங்க. போங்க உள்ள.”

துறைத் தலைவர் ஒரு அம்மாள். என் மதிப்பெண்களைப் பார்த்தார், இறாலின் வளர்ச்சி நிலைகளைக் கேட்டார். சொன்னேன். “விடுதியில விடச் சம்மதமா?” என்று நைனாவைக் கேட்டார். “அதுக்குத்தாங்க வந்தோம்,” என்றார் நைனா. அம்மாள் கையெழுத்துப் போட்டார். நைனா எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

திரும்பும் ரயில் மீஞ்சூர் தாண்டியதும் நைனா கேட்டார்: “அந்தாளு கேட்டவுடனே எப்படி வுட்டான்?”

“அங்கல்லாம் அப்படித்தான் நைனா. கேட்டா குடுப்பாங்க.”

“கேக்காதவன்?”

அதே பல்கலைக்கழகத்தில் பிறகு இரண்டு வருஷம் படித்தேன், வெளியூர்களில் வேலை பார்த்தேன், எத்தனையோ வரிசைகளில் நின்றேன். கேட்கலாம் என்றே தெரியாமல் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் பாடு வழக்கத்தில் கேட்கிறவனும் இல்லை, கேட்காததால் இழக்கிறவனும் இல்லை. ஆனால் அந்தப் பாடு வழக்கத்தில் ஒரு பெண்ணுக்கு முறையே கிடையாது. இரண்டில் எது நியாயம் என்று சட்டென்று சொல்ல என்னால் முடியாது.

ஆறு மணிக்குத் தோணி. வெளிச்சம் இன்னும் இருந்தது. முகத்துவாரத்துப் பக்கம் வரிசையாக வலைக் கழிகள் தெரிந்தன. நடுவே ஓர் இடம் மட்டும் காலியாக, வெறும் தண்ணீராக இருந்தது. நைனாவின் பாடு. நாள் முழுக்க யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை.

“போன காரியம் இன்னா ஆச்சுண்ணே?” என்று தோணிக்காரர் கேட்டார்.

“ஆச்சு. சீட்டு குடுத்தாங்க. முறை வந்துது, போனோம்,” என்றார் நைனா, அந்தக் காலி இடத்தைப் பார்த்தபடி.

அன்று அவர் எனக்காகக் கேட்டார் என்பதை ஊரில் ஒருவரிடமும் சொன்னதில்லை. போன வருஷம் நைனா போய்ச் சேர்ந்தார். அதனால் இப்போது எழுதுகிறேன்.