ஒன்பது விதியில் ஓடப்போகும் டிரையர்

இன்று ஹட்டன் பஸ்ஸில் என் எஞ்சினியர் பேத்தி மடியில் கம்ப்யூட்டரோடு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். தேயிலை காயவைக்கும் டிரையரின் சூட்டை இனி அதுதான் பார்த்துக்கொள்ளுமாம்.

“எப்போ நெருப்பைக் கூட்டணும், குறைக்கணும்னு இதுக்குச் சொல்ற இருபத்தஞ்சு விதிய ஒம்பதாக்கிட்டேன் அப்பாயி. ‘இலை கொஞ்சம், சூடு ரொம்ப’ங்கிற விதியை எடுத்தாச்சு.”

எண்பதுகளில் ஒரு மழை நாளில், இலை குறைவாக ஓடிய டிரையரில்தான் தீப்பிடித்து அவள் தாத்தாவின் கை வெந்தது. அதைச் சொன்னேன்.

“தெரியும் அப்பாயி. இலை எவ்வளவு இருந்தாலும், சூடு ரொம்பன்னா நெருப்பைக் குறைக்கணும். இலை அளவுக்கு ஒண்ணா இருந்த அஞ்சு விதியும் அதையேதானே சொல்லுது? ஒண்ணாக்கிட்டேன். மத்ததையும் இப்படித்தான் சேர்த்தேன்.”

“ரொம்பன்னா எவ்வளவு புள்ள?”

“அதுக்குக் கோடு கிடையாது. கொஞ்சங்கொஞ்சமா ரொம்பவாகும்.”

அன்றைக்கும் அப்படித்தான் ஆனது.

நாளை அதை முதன்முதலாக ஓட்டும்போது பக்கத்தில் நிற்கப்போவது அவள்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கேட்கிறேன், படித்தவர்கள் சொல்லுங்கள்: ஒன்பது போதுமா?