வசந்தி சொன்னதை நான் எழுதவில்லை

சில்க்போர்க் வசந்தி இன்று காலை காலமாகிவிட்டார். ஐம்பத்துநான்கு வயது. புற்றுநோய்...

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தவர். சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலம் முழுக்க நூலக மண்டபத்தில் படம் காட்டியவர் என்றால் பலருக்கு நினைவு வரும்.

நம்மூர்ப் படங்கள் அல்ல. அமெரிக்காவில், தங்களைச் சிக்கானோ என்று சொல்லிக்கொண்ட மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள், அறுபதுகளின் கடைசியில் சமமான கல்வி கேட்டுப் பள்ளிக்கூடங்களை விட்டு வெளியேறினார்கள். அந்தப் போராட்டத்தைப் பற்றிய படங்கள்.

அதில் ஒன்றுக்கு நான் இருக்கும் ஓகூஸ் நகரிலிருந்து போயிருந்தேன். நான் எழுதும் இணையத்தளத்துக்கு report வேண்டும் என்று அவரே கூப்பிட்டிருந்தார்.

அமெரிக்க மாணவர் போராட்டம் என்றாலும் மங்கல விளக்கேற்றாமல் நாங்கள் தொடங்குவோமா? நூலகத்தில் நெருப்புக்கு அனுமதி இல்லை. குத்துவிளக்கில் பற்றரி மெழுகுதிரிகளை வைத்து, ஏழு பிரமுகர்கள் வரிசையாக வந்து சுவிட்சைத் தட்டினார்கள்.

படத்துக்கு டெனிஷ் subtitles. எல்லோருக்கும் வாசிக்க வராது என்று வசந்தி மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டு மொழியில் கதைத்ததற்கு அடி வாங்கும் பிள்ளைகள்... மேற்படிப்பு உனக்குச் சரிவராது, கைத்தொழில் பழகு என்று சொல்லும் ஆலோசகர்...

மாணவர்கள் வகுப்பை விட்டு எழும்பும் காட்சி வந்தது. அவசரத்தில் அவருக்குச் சொல் வரவில்லை. "பாருங்கோ, பிள்ளையள் எல்லாரும் வெளிக்கிட்டிட்டினம்!" என்றார்.

எங்கள் பேச்சில் வெளிக்கிடுவது என்றால் நல்லதாக உடுத்திக்கொண்டு புறப்படுவது. பின்வரிசையில் ஓர் அம்மா கேட்டார், "எங்க பிள்ளை, கலியாண வீட்டுக்கோ?"

"ஓம் அன்ரி, வாசலில பொலிஸ் நிக்குது. அவைதான் மாப்பிள்ளை வீட்டுக்காரர்."

மண்டபமே சிரித்தது.

படம் முடிந்து விளக்குகள் எரிந்த பிறகும் அவர் மைக்கைக் கீழே வைக்கவில்லை. அன்று அவர் சொன்னதை என் குறிப்புப் புத்தகத்திலிருந்து அப்படியே தருகிறேன். ஜிம்னேசியம் என்பது இங்கே பல்கலைக்கழகத்துக்கு முந்திய மேல்நிலைப் பள்ளி.

"என்ர மகளுக்குப் புள்ளி காணும். ஆனா எட்டாம் வகுப்பில, ஜிம்னேசியத்துக்குத் தயாரில்லை எண்டு எழுதி அனுப்பியிருக்கினம். ஏனெண்டு கேட்டா, வகுப்பில வாய் திறக்கிறாளில்லையாம், கை உயர்த்திறாளில்லையாம். பெரியாக்கள் கதைக்கேக்க வாயை மூடு எண்டு வளர்த்தது நான்தான். அதுக்கு அவளின்ர படிப்பை மறிக்கிறதோ? இப்பிடி வேற ஆருக்கும் கடிதம் வந்திருந்தா வெக்கப்படாமல் எனக்குச் சொல்லுங்கோ. சேர்ந்து போவம். நான் தனியப் போனா, ஒரு தாய் அழ வந்திருக்கிறா எண்டுதான் பாப்பினம்."

ஒருவரும் கை தட்டவில்லை. "சரி சரி, வாங்கோ, தேத்தண்ணி ஆறப் போகுது" என்று யாரோ எழும்பினார்கள்.

வாசலில் வசந்தி என்னைப் பிடித்தார். "அண்ணை, இஞ்ச வந்தது முப்பது பேர்தான். நீங்கள் போட்டால்தான் மற்ற ஊர்க்காரரும் பாப்பினம். வடிவாப் போடுங்கோ."

ஓம் என்றேன்.

அடுத்த நாள் விளக்கேற்றிய ஏழு பேரில் ஒருவர் எனக்கு phone எடுத்தார். "அண்ணை, அந்தப் பிள்ளை கடைசியில கதைச்சதை விட்டிடுங்கோ. தமிழ்ப் பிள்ளையள் எண்டா படிப்பில திறம் எண்டு டெனிஷ்காரரே சொல்லுறவை. ஏன் நாங்களே எங்கட பேரைக் கெடுப்பான்?"

அவருக்கும் ஓம் என்றேன்.

பயம் ஒன்றும் இல்லை. யாரும் மிரட்டவில்லை. அவர் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது.

என் report-இல் ஏழு பேரின் பெயர்களும் பட்டம் பதவியோடு இருந்தன. படத்தின் கதை மூன்று பந்தி இருந்தது. கடைசி வரி: "இறுதியில் கலந்துரையாடலும் இடம்பெற்றது."

வசந்தி சொன்னது முழுவதும் அந்த ஒரு வரிக்குள் போய்விட்டது. எத்தனையோ கூட்டங்களைப் பற்றி எழுதும்போது யோசிக்காமல் போட்டுப் பழகிய வரி.

அது வெளிவந்த அன்று பின்னேரமே வசந்தி phone எடுத்தார்.

"அண்ணை, நான் கதைச்சது எங்க?"

"இடம் போதாமல் போச்சு பிள்ளை."

"இன்ரர்நெற்றிலயோ அண்ணை?"

பிறகு அவரே "சரி அண்ணை, வைக்கிறன்" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு அவர் தனியாகத்தான் போனார். பள்ளிக்கூடத்தின் முடிவு மாறவில்லை. மகள் ஒரு வருடம் பிந்தித்தான் ஜிம்னேசியம் போனாள்.

பிறகு எத்தனையோ கொண்டாட்டங்களில் நானும் வசந்தியும் சந்தித்திருக்கிறோம். முழங்கால் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்பார். அந்த report பற்றி ஒரு சொல் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்...

இன்று காலை மரணச் செய்தியைச் சொல்ல ஓகூஸில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தாயைக் கூப்பிட்டேன். வசந்தியை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. எந்த வசந்தி என்று விளங்கப்படுத்த, மகளின் விஷயத்தையும் அன்று மண்டபத்தில் அவர் கதைத்ததையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"எங்கட பெடியனுக்கும் அந்த வருசம் அதே கடிதம் வந்தது அண்ணை. எங்களுக்கு மட்டும்தான் எண்டு நினைச்சு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நாங்கள் ஒரு இடமும் போய்க் கேக்கவுமில்லை. அவன் இப்ப warehouse-இல வேலைக்கு நிக்கிறான்."

பிறகு கேட்டார், "அவ அப்பிடிக் கதைச்சவ எண்டு உங்களுக்கு அப்பவே தெரியுமோ?"

தெரியும் என்றேன்.

சனிக்கிழமை சில்க்போர்க்கில் இறுதி நிகழ்வு. மூத்த பத்திரிகையாளர் என்று என்னை இரங்கலுரை ஆற்றக் கேட்டிருக்கிறார்கள். மறுத்துவிட்டேன்.

வருவேன், வசந்தி. பின்னுக்கு, கதவோரமாக நிற்பேன்.