நான் போடாத கையெழுத்து

பதினான்கு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று சபையில் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வருவேன். "எப்படி இருக்கீங்க பிரதர்?" என்று கேட்டால், "கர்த்தர் நடத்துறாரு" என்பேன். உள்ளுக்குள் ஒன்றும் நடக்கவில்லை.

என் பெயர் ஜெயசீலன். கடலூர் முதுநகரில் குடியிருக்கிறோம். பதினேழு வருடம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்தேன். தொட்டியிலோ உயரத்திலோ ஆட்கள் வேலைக்குப் போகுமுன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்புவது என் வேலை. போன வருடத்துக்கு முந்தின வருடம் டிசம்பரில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே எங்களை நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டு ஆளுக்கொரு கவர் கொடுத்தார்கள். அதோடு சரி.

என் மனைவி ஸ்டெல்லா திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். மகள் அப்போது பிளஸ் டூ. வேலை போனதை அக்கம்பக்கத்தில் சொல்ல எனக்கு வெட்கம். காலையில் எட்டு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிவிடுவேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஏற்றி வைத்திருக்கும் படகுகளின் நிழலில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன். மீனவர்கள் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது எனக்கு வந்த எண்ணங்களை இங்கே எழுதப்போவதில்லை. உங்களில் சிலருக்கு அது என்னவென்று தெரியும்.

போன ஆகஸ்டில் ஒரு போன் வந்தது. சிதம்பரம் ரோட்டில் ஒரு கம்பெனி. வழக்கு நடப்பதால் பெயர் வேண்டாம். "சேஃப்டி சூப்பர்வைசர் போஸ்ட் காலியா இருக்கு, செவ்வாய்க்கிழமை ஒரிஜினல் சர்டிஃபிகேட்டோட வாங்க" என்றார்கள். போனை வைத்துவிட்டு மணலில் முழங்கால் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டெல்லா என் கையைப் பிடித்து ஜெபித்தாள். "ஆண்டவரே, இது உம்முடைய சித்தம் இல்லன்னா இந்தக் கதவை அடச்சிடும்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எட்டு மாசத்துக்கப்புறம் ஒரு கதவு தொறக்குது. அத அடைக்கச் சொல்லியா ஜெபிக்கிற?"

"அப்படித்தாங்க வாயில வந்துச்சு" என்றாள். நான் ஆமென் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

கம்பெனியில் பத்தரை மணிக்கு வரவேற்பறையில் உட்கார வைத்தார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். கொஞ்ச நேரம் கழித்து அதிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, இதுல பேரு சரியா இருக்கான்னு பாருங்க. ஊட்டுக்காரரு இங்கதான் கான்ட்ராக்டுல வேலை பாத்தாரு. போயிட்டாரு. பேரு தப்பா இருந்தா மறுபடியும் அலைய வுடுவாங்க. எனக்கு அஞ்சாவதுதான். அவரு அதுவும் இல்ல, கைநாட்டுதான் வெப்பாரு."

இறப்புச் சான்றிதழ். முருகவேல் என்று இருந்தது. சேத்தியாத்தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தின் பெயர் இருந்தது. "சரியாத்தாம்மா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தேன். எப்படி இறந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். என் நினைப்பெல்லாம் என் இன்டர்வியூவில் இருந்தது.

"மூணாவது நாளா வர்றேண்ணே" என்றார். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் பிளான்ட் மேனேஜர். அவருக்கு இடது பக்கம் எச்.ஆரில் ஒரு இளம்பெண். ஓரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர். அவர் யார் என்று சொல்லவில்லை.

மேனேஜர் கேட்டார்: "தொட்டிக்குள்ள ஆள் எறங்கறதுக்கு முன்னாடி என்னா என்னா பாப்பீங்க?"

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த விஷயம். கேஸ் டெஸ்ட் எடுக்கணும், உள்ளே காற்று போதுமா பார்க்கணும், இடுப்பில் கயிறு கட்டணும், மாஸ்க் கொடுக்கணும், வெளியே ஒரு ஆள் கண்ணெடுக்காமல் நிற்கணும். சொல்லச் சொல்ல எச்.ஆர். பெண் டைப் செய்துகொண்டே இருந்தாள். நன்றாகப் பதில் சொல்கிறேன் என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது.

"டிசம்பருக்கு அப்புறம் வேற எங்கயும் சேரலயே? பி.எஃப். எங்கயும் கட்டலயே?"

"இல்ல சார்."

"ரொம்ப நல்லது. உங்களுக்கு ஏப்ரல்லேர்ந்து ஜாயினிங் போட்டுடறோம். அந்த மாசத்து சம்பளமெல்லாம் சேத்து வந்துடும்."

சபையாரே, நான் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நிமிஷம் நான் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். இழந்த மாதங்களையும் சேர்த்துக் கொடுக்கிறாரே என்று நினைத்தேன். ஆகஸ்டில் சேருகிறவனுக்கு ஏன் ஏப்ரல் தேதி என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது.

மேனேஜர் ஒரு ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்ததாக எழுதி வைக்கும் ரிஜிஸ்டர். "பழைய சூப்பர்வைசர் மார்ச்சிலயே வேலைய விட்டுட்டுப் போயிட்டாரு. கொஞ்சம் பெண்டிங் நிக்குது. ஏப்ரல், மே ரெண்டு மாசத்துக்கும் போட்டுக் குடுத்துடுங்க. இன்னிக்கே ஆர்டர் தர்றோம்."

பேனாவைத் திறந்தேன். பக்கத்தைத் திருப்பினேன். தொட்டிக்குள் இறங்குவது பற்றிய பயிற்சி என்று மேலே எழுதியிருந்தது. மே மாதத்துத் தேதி. கீழே ஆட்களின் பெயர், ஊர், கையெழுத்து. நான்காவது வரியில் முருகவேல். அதே கிராமம். அவர் கையெழுத்து ஆங்கிலத்தில், வளைத்து வளைத்து அழகாக இருந்தது. கடைசிக் கட்டத்தில், "மாஸ்க் கொடுக்கப்பட்டது, எச்சரிக்கப்பட்டது" என்று எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்துக்கு இடம் காலியாக விட்டிருந்தது.

கைநாட்டுதான் வெப்பாரு என்று அந்தப் பெண் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"சார், இந்த முருகவேல்..."

"அவரு இப்ப இல்ல" என்றார் மேனேஜர். "கழிவுத் தொட்டி சுத்தம் பண்றப்ப கேஸ் தாக்கிடுச்சு. மாஸ்க் போடுன்னு சொன்னத கேக்காம எறங்கிட்டாரு."

"யாரு சார் சொன்னது?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்கதான்" என்றார்.

எச்.ஆர். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பேனாவைக் கீழே வைத்தேன். நான் சற்று முன் சொன்ன பதில்களை அவள் டைப் செய்தது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. அதையெல்லாம் நான் மே மாதத்தில் முருகவேலிடம் சொன்னதாக ஆகப்போகிறது. செத்த மனிதன் மேல் பழி போடுவதற்கு உயிரோடு ஒரு ஆள் தேவைப்பட்டது. காலியாக இருந்த போஸ்ட் அதுதான்.

இங்கே நான் தைரியமாக எழுந்து நின்றேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. "சார், பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்றேன். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன். எனக்கு ஜெபிக்க வார்த்தை வரவில்லை. மகளின் முகம் வந்தது. படகு நிழல் வந்தது. முப்பது கையெழுத்து, ஐந்து நிமிஷ வேலை. நான் போடாவிட்டால் இன்னொருவன் போடுவான். இப்படியெல்லாம் ஓடியது. பிறகு, "ஆண்டவரே, என்னால முடியல, என் கையப் பிடிச்சுக்கும்" என்று மட்டும் சொன்னேன். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. வெளிச்சம் ஒன்றும் தெரியவில்லை. பயமும் போகவில்லை. ஆனால் இந்த வேலை எனக்கு இல்லை என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. காலையில் ஸ்டெல்லாவுக்குச் சொல்லாமல் வந்த ஆமெனை அங்கே நின்று சொன்னேன்.

திரும்பிப் போய், "சார், இது எனக்கு ஒத்து வராது" என்று சொல்லிவிட்டு என் சர்டிஃபிகேட் ஃபைலை எடுத்தேன்.

"வெளிய இதுக்கு நூறு பேரு நிக்கறான்" என்றார் மேனேஜர்.

அதுவரை பேசாத பெரியவர் அப்போது வாயைத் திறந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "போங்க தம்பி. இங்க பாத்தத இங்கயே வுட்டுட்டுப் போங்க. பொண்ணு பிளஸ் டூ படிக்கிறதா பயோடேட்டால போட்டிருக்கீங்க. நல்லா படிக்கட்டும்."

வெளியே வந்தேன். அந்தப் பெண் அதே நாற்காலியில் இருந்தார். "வேலை கெடச்சுதாண்ணே?" என்று கேட்டார். "இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்றேன். கடலூர் பஸ் ஒன்று வந்தது. ஏறவில்லை. இன்னொன்று வந்தது. அதிலும் ஏறவில்லை. கையெழுத்துப் போடாதது பெரிய காரியம் என்று என் மனம் என்னைத் தட்டிக்கொடுத்தது. அதே மனம் அந்த நாற்காலியை விட்டு நகரவும் மறுத்தது. எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியாது. அதுதான் பாரமாக இருந்தது. திரும்பி நடந்தேன். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. எதிரே ஒரு டீக்கடையில் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

அவர் வெளியே வந்ததும் போய், நான் பார்த்ததைச் சொன்னேன். முதலில் என்னை நம்பவில்லை. "நீங்க யாரு? அவுங்க ஆளா? என்னா வேணும் ஒங்களுக்கு?" என்று சத்தம் போட்டார். கையெழுத்தைப் பற்றிச் சொன்னதும் ரோட்டோரமாக அப்படியே உட்கார்ந்தார்.

"இங்கிலீசுலயா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"மாஸ்க் குடுத்தோம், அவருதான் திமிரா எறங்கிட்டாருன்னு சொன்னாங்கண்ணே. நானும் நம்பிட்டேன். மூணு மாசமா அவரத்தான் திட்டிக்கிட்டு கெடக்கேன். ரெண்டு புள்ளைங்கள வுட்டுட்டு இப்படியா போவேன்னு, அவரு போட்டோவப் பாத்துப் பாத்துத் திட்டறேன்."

அவர் பெயர் தனலட்சுமி என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று கம்பெனியில் கொடுத்த ஒரு படிவமும் கவருக்குள் இருந்தது. அதில், கணவரின் கவனக்குறைவால் நடந்தது என்று ஒத்துக்கொள்வதாக எழுதியிருந்தது. மறுநாள் வந்து கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "எதுலயும் போடாதீங்கம்மா" என்றேன். அன்றே சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனேன். நான் பார்த்ததை எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் எல்லாம் சொன்னேன். பெரியவர் மகளைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். அவள் எழுந்து கதவைத் தாழ் போட்டாள். பிறகு, "பாப்பாவ நானே கொண்டு போயி வுட்டு, நானே கூட்டிக்கிட்டு வர்றேன்" என்றாள். பரீட்சை முடியும் வரை அப்படித்தான் செய்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சீரானது என்று நினைத்துவிடாதீர்கள். நான் எழுதிக் கொடுத்த விஷயம் பரவிவிட்டது. இரண்டு கம்பெனிகள் வரச் சொல்லிவிட்டு, பிறகு வர வேண்டாம் என்றன. என்னோடு வேலை பார்த்தவர்களே என் போனை எடுக்கவில்லை. அக்டோபர், நவம்பர் மழையில் கடற்கரைக்கும் போக முடியாமல் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். "நீர்தானே கையப் பிடிச்சீர், இப்ப எங்க?" என்று அவரிடம் சண்டை போட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று சொன்னது பொய்.

இந்த வருடம் பிப்ரவரியில் சிதம்பரத்தில் ஒரு மாணவர் விடுதியின் சமையல்கூடத்தில் பாய்லர் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். என்னிடம் அதற்கான சர்டிஃபிகேட் இருந்தது. விடுதி மேலாளர் ஒரு அம்மா. இத்தனை மாதம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். இதுவும் போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: "பாய்லர்ல எதுனா கோளாறுன்னா நிறுத்திடுவீங்களா? சாப்பாடு லேட்டாயிடும், பசங்க கத்துவாங்க."

"நிறுத்திடுவேம்மா" என்றேன்.

"நாளைக்குக் காலைல வந்துடுங்க" என்றார்.

சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் குறைவு. கான்ட்ராக்ட் வேலைதான். விடியற்காலையில் கடலூரிலிருந்து பஸ் ஏறுகிறேன். ஆனால் என் டப்பாவில் இருக்கும் சாப்பாட்டை வேலை செய்கிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அந்த முதல் நாள் சாப்பிட முடியாமல் அழுதேன். தேவனுக்கு நன்றி.

வேலைக்காக ஜெபித்துக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கேட்டுக்கொண்டே இருங்கள். இன்டர்வியூ அறைக்குள் போன பிறகும் கேட்பதை நிறுத்தாதீர்கள். உள்ளே உங்களுக்குப் பயம் வந்தால் அதைத் தள்ளிவிடாதீர்கள். நான் வேலை கேட்டேன், அவர் எனக்கு முதலில் பயத்தைத்தான் கொடுத்தார். அந்தப் பயத்தால்தான் நான் இன்று மனிதனாக இருக்கிறேன்.

தனலட்சுமியின் வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த ரிஜிஸ்டரில் பிறகு வேறு யாரோ கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று வக்கீல் சொல்கிறார். ஆகஸ்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்துச் சொல்வதற்கு நான் ஒருவன்தான் இருக்கிறேன். அடுத்த மாதம் கடலூர் கோர்ட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வெள்ளைச் சட்டைப் பெரியவரும் கம்பெனி பக்கம் அங்கே இருப்பார். நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

இங்கே உங்கள் முன்னால் சாட்சி சொல்வது எனக்குச் சுலபம். அங்கேயும் போய்ச் சொல்ல வேண்டும். எனக்காக ஜெபியுங்கள். நான் போகிறேன்.