பின்னாலிருந்து படிக்க வேண்டிய பழிக்கதை

பிரிக்பீல்ட்ஸ் பழைய புத்தகக் கடையில் அந்த ஜப்பானிய மங்கா படக்கதையை நம் பழக்கப்படி இடப்பக்கமாகத்தான் திறந்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான். வாளோடு நின்று ஓர் இளைஞன் அழுகிறான். புரட்டப் புரட்ட அந்த இளைஞன் சிறுவனாகிக்கொண்டே போனான். கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள். “அங்கிள், இது பின்னாலேருந்து படிக்கணும் லா! முடிவ மொதல்லயே பாத்துட்டீங்க.”

பார்த்துவிட்டேன் தாயே, அதுதான் பயமே. கதையில் அந்தச் சிறுவனின் அப்பாவைக் கொன்றவன் நோயில் போய்விடுகிறான். சிறுவன் வளர்ந்து தேடிப் போவது கொன்றவனின் மகனை. வரைந்தவர் கைதேர்ந்தவர். அப்பா கொல்லப்படும் இடத்தில் வாள் வீசும் கட்டமே கிடையாது. கூரையில் மழை, வாசலில் ஒரு செருப்பு, சிறுவனின் கண், அப்புறம் முழுப்பக்கமும் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில் விரலை வைத்தபடியே காசு கொடுத்து வாங்கி வந்தேன்.

ஊரில் வாசிக்கிறவர்கள் சிரிக்காதீர்கள். வாய்க்கால் தகராறில் என் அப்பா ஓர் ஆளை அரிவாளால் வெட்டிக் கொன்றார். வெட்டுப்பட்டவரின் மகன் வரப்பில் நின்றிருந்தான், எட்டு வயது. அழவில்லை, பார்த்தான். அந்த வருஷமே அப்பா சிறையிலேயே போய்ச் சேர்ந்தார். “கண்காணாத சீமைக்குப் போயிருய்யா” என்று அம்மா என்னை அனுப்பினாள். பதினேழு வருஷமாகிறது. இந்தக் கட்டுரைகூட என் பெயரில்லாமல்தான் வருகிறது.

போன ஞாயிறு, கிள்ளானில் ஒரு கடையில் அந்த மங்காவை விரித்தபடி தோசைக்குக் காத்திருந்தபோது எதிரில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். இருபத்தைந்து வயதிருக்கும்.

“அண்ணாச்சி, என்ன பொஸ்தகத்தப் பின்னாடியிருந்து படிக்கிய?”

இங்கே என்னை அண்ணே என்பார்கள், பாஸ் என்பார்கள். அண்ணாச்சி என்றால் அவன் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்திலிருக்கும் மேருவில் ஒரு ஃபேக்டரிக்கு வந்து மூன்று மாதமாம். அடுத்து, நாடுவிட்டு வந்தவர்களெல்லாம் யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கும் கேள்வியைக் கேட்டான்.

“நீங்க எந்தூரு?”

“நானா? கிள்ளான்லதான் பொறந்தேன் லா.” இந்த ஊர்க்காரர்கள் போடும் லாவையும் சேர்த்தே சொன்னேன்.

அவன் முகம் சுண்டிப்போனது. “நம்மூருக்காரவுகளோன்னு நெனச்சேன். நம்ம பேச்சக் கேட்டு மூணு மாசமாச்சு, அதான்.”

பாவமாக இருந்தது. ஆனாலும் அவன் எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. சத்தியமாகத் தைரியம் வரவில்லை. வரப்பில் பார்த்த கண்ணா இது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், தெரியவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவி வந்தவன், “வாரேன் பாஸ்” என்றான். ‘அண்ணாச்சி’ போய்விட்டது.

அவன் தெருவைக் கடக்கும்வரை முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் கிளம்புகிறவனுக்குச் சொல்வதை வாய்க்குள் மட்டும் சொன்னேன்: பாத்துப் போலே.